இறுக்கமே காயமாகும்போது

வீசிங் வந்தது, பம்ப்பை எடுத்து இரண்டு முறை அடித்தாயிற்று, கால் மணி நேரத்தில் நெஞ்சு லேசாகிவிட்டது, வேலையைப் பார்க்கக் கிளம்பியாயிற்று. ஆஸ்துமா உள்ள எத்தனையோ வீடுகளில் நோயைப் பற்றிய கணக்கு இத்துடன் முடிந்துவிடுகிறது. அடுத்த முறை வந்தால் மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். மருத்துவ உலகமும் நெடுங்காலம் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்திருந்தது. மூச்சுக்குழாய் சுருங்குவது நோயின் அடையாளம் மட்டுமே, நோயின் வேர் அழற்சியில் இருக்கிறது என்று அது நம்பியது. கடந்த கால் நூற்றாண்டில் நடந்த சில ஆய்வுகள் அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டன. குழாய் இறுகும்போது உண்டாகும் அழுத்தமே அதன் உட்சுவரைக் காயப்படுத்துகிறது. பம்ப் அடித்துக் குழாய் விரிந்த பிறகும் அந்தக் காயம் அங்கேயே இருக்கிறது.

தொண்டைக்குக் கீழே இறங்கும் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகிறது. இப்படிச் சுமார் 23 முறை கிளைத்துக் கடைசியில் காற்று நுண்ணறைகளில் போய் முடிகிறது. வளர்ந்த ஒருவரின் இரண்டு நுரையீரல்களிலும் சேர்த்துச் சராசரியாக 48 கோடி நுண்ணறைகள் உண்டு. காற்றைக் கொண்டுபோகும் இந்தக் குழாய்களைச் சுற்றி, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத மென்தசை வளைத்துக் கட்டியிருக்கிறது. அந்தத் தசை கொஞ்சம் இறுகினாலே விளைவு பெரிதாக இருப்பதற்கு இயற்பியல்தான் காரணம். குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், சீராக ஓடும் காற்றுக்கு ஏற்படும் தடை 16 மடங்காகிவிடும்.

தசை சுருங்கும்போது உட்படலம் சுருங்குவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதன் பரப்பு அப்படியே இருக்கிறது, இருக்க வேண்டிய இடம்தான் குறைகிறது. பாட்டியின் சுருக்குப்பையில் கயிற்றை இழுத்ததும் வாய்த்துணி மடிப்பு மடிப்பாக உள்ளே குவியுமே, அதுபோல உட்படலம் மடிந்து மடிந்து குழாயின் நடுவை நோக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது. மடிப்புகளுக்குள் செல்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. கடுமையான இறுக்கத்தில் அவற்றின் மீது விழும் அழுத்தம், 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்துக்கு ஈடாகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அமைதியாக ஒரு மூச்சு இழுக்கும்போது நுரையீரலை விரிக்கக் கூடுதலாகத் தேவைப்படுவது சில சென்டிமீட்டர் அழுத்தம்தான்.

ஆஸ்துமாவால் இறந்தவர்களின் மூச்சுக்குழாய்ச் சுவர் தடித்துப்போயிருப்பதை 1922-லேயே ஹூபர், கோஸ்லர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் பதிவுசெய்துவிட்டார்கள். ஏன் தடிக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1969-ல் சால்பியூட்டமால் சந்தைக்கு வந்தது. தசையைத் தளர்த்தி நிமிடங்களில் மூச்சைத் திருப்பித் தரும் மருந்து அது. 1972-ல் உறிஞ்சும் ஸ்டீராய்டான பெக்லோமெத்தசோன் வந்தது. அழற்சியை அடக்கினால் ஆஸ்துமா அடங்குகிறது என்று அது காட்டியது. ஸ்டீராய்டு இன்ஹேலர்கள் மருத்துவமனைச் சேர்க்கைகளையும் மரணங்களையும் குறைத்தன. இதில் இரண்டாம் கருத்துக்கே இடமில்லை. அப்போதிருந்து, அழற்சிதான் முதலாளி, தசையின் இறுக்கம் அதன் வேலையாள் என்ற எண்ணம் பாடப்புத்தகங்களில் நிலைபெற்றது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 முதல் 12 வயது வரையுள்ள 1041 ஆஸ்துமாக் குழந்தைகளை நான்கு முதல் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2000-ல் வெளியானது. தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் பெற்ற குழந்தைகளுக்குத் தொந்தரவு குறைந்தது, மருத்துவமனைக்கு ஓடுவதும் குறைந்தது. ஆனால் அவர்களின் நுரையீரல் திறன் வளர்ந்த விதம், போலி மருந்து பெற்ற குழந்தைகளுடையதைவிட மேம்படவில்லை. அழற்சிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால், அதை அடக்கிய பிறகும் இது ஏன்?

ஹார்வர்டில் டேனியல் ஷம்பர்லின், ஜெஃப்ரி டிரேசன் முதலானோர் இதே காலத்தில் வேறொரு வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். மூச்சுக்குழாயின் உட்படலச் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்து, அவற்றின் மீது 30 சென்டிமீட்டர் தண்ணீருக்கு ஈடான அழுத்தத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தத் தட்டில் ஒவ்வாமைப் பொருளோ கிருமியோ நோய் எதிர்ப்புச் செல்லோ இல்லை. வெறும் அழுத்தம் மட்டுமே. காயம் பட்டதுபோல அந்தச் செல்கள் வளர்ச்சிச் சமிக்ஞைகளை எழுப்பின. எப்படி என்பதை 2004-ல் நேச்சர் இதழில் விளக்கினார்கள். அருகருகே நிற்கும் செல்களுக்கு நடுவே ஒரு நுண்ணிய இடைவெளி உண்டு. செல்கள் சில வளர்ச்சிப் புரதங்களை அந்த இடைவெளிக்குள் எப்போதும் சிறிதளவு விட்டுக்கொண்டே இருக்கின்றன. அழுத்தத்தில் இடைவெளி சுருங்கும்போது, இருக்கிற புரதமே செறிவாகிவிடுகிறது. கூடுதலாக ஒரு துளிகூடச் சுரக்கத் தேவையில்லை. இடம் குறைந்ததையே செல் ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்கிறது.

ஆய்வகத் தட்டில் நடப்பது மனிதருக்குள்ளும் நடக்குமா என்பதற்குப் பதில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து வந்தது. கிறிஸ்டோபர் கிரெயின்ஜ், பீட்டர் ஹோவர்த் குழுவினர் 2011-ல் வெளியிட்ட அந்தச் சோதனை, வடிவமைப்பில் அத்தனை அழகானது. ஆஸ்துமா உள்ள 48 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வீட்டுத் தூசியில் வாழும் உண்ணியின் சாரத்தை உறிஞ்சினார்கள். அது ஒவ்வாமையைத் தூண்டி, அழற்சியையும் இறுக்கத்தையும் சேர்த்தே கொண்டுவரும். இரண்டாம் பிரிவினருக்கு மெத்தகோலின் கொடுத்தார்கள். அது தசையை நேரடியாக இறுக்கும், ஒவ்வாமை அழற்சியைத் தூண்டாது. மூன்றாம் பிரிவினருக்கு வெறும் உப்புநீர். நான்காம் பிரிவினருக்கு மெத்தகோலின்தான், ஆனால் அதற்கு முன்பே சால்பியூட்டமால் கொடுத்துக் குழாய் இறுகாமல் தடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் இடைவெளியில் மூன்று முறை இப்படிச் செய்தார்கள். தொடங்கும் முன்பும் முடிந்த நான்காம் நாளும் மூச்சுக்குழாய்க்குள் கருவியை விட்டுச் சிறு துணுக்குகளை எடுத்துப் பார்த்தார்கள்.

அழற்சிச் செல்கள் பெருகியது உண்ணிச் சாரம் பெற்றவர்களிடம் மட்டும். ஆனால் உட்படலத்துக்குக் கீழே உள்ள கொலாஜன் அடுக்கு, உண்ணிச் சாரம் பெற்றவர்களுக்கும் மெத்தகோலின் பெற்றவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில், சுமார் 2 மைக்ரான், தடித்திருந்தது. சளி சுரக்கும் செல்களும் இரு பிரிவினரிடமும் கூடியிருந்தன. ஒவ்வாமையே இல்லாமல், மூன்றே மூன்று இறுக்கங்களில், ஒரு வாரம் பத்து நாளுக்குள், குழாயின் சுவர் மாறத் தொடங்கிவிட்டது. உப்புநீர் பெற்றவர்களிடம் இந்த மாற்றம் இல்லை. மெத்தகோலினுக்கு முன்பே சால்பியூட்டமால் பெற்றவர்களிடமும் இல்லை. அதே மெத்தகோலின் நுரையீரலுக்குள் போயிருக்கிறது, ஆனால் குழாய் இறுகவில்லை, சுவரும் மாறவில்லை. குற்றவாளி மருந்தா இறுக்கமா என்ற சந்தேகத்தை அந்த நான்காம் பிரிவு தீர்த்துவைத்தது.

2024-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜோடி ரோசன்பிளாட் குழு அடுத்த துண்டைச் சேர்த்தது. உடலின் எந்தப் படலத்திலும் செல்கள் அளவுக்கு மீறிக் கூட்டமானால், சில செல்களைப் படலம் தானே வெளியே தள்ளிவிடும். நெருக்கப்படும் செல்லைச் சுற்றி அண்டைச் செல்கள் ஒரு வளையமாகச் சுருங்கி, அதை உயிரோடு மேலே பிதுக்கி உதிர்த்துவிடும். எண்ணிக்கையைச் சமன்படுத்த உடல் அன்றாடம் செய்யும் வேலை இது. கூட்ட நெரிசலை உணர்வதில் பியேசோ1 என்ற புரதத்துக்குப் பங்கு உண்டு. பியேசோ புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கு 2021-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

ஆஸ்துமா இறுக்கத்தில் இந்த ஒழுங்கு எல்லை மீறுகிறது. நுரையீரலை மெல்லிய வில்லைகளாகச் சீவி, உயிரோடு வைத்து, நுண்ணோக்கியின் கீழ் மெத்தகோலின் விட்டுப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. வில்லையில் வட்டமாகத் தெரியும் மூச்சுக்குழாய் கண்ணெதிரே சுருங்கும். உட்படலம் மடியும். பிறகு அந்த மடிப்புகளிலிருந்து செல்கள் பிதுங்கிக் குழாயின் நடுவே உதிரும். ஒன்றிரண்டு உதிர்ந்தால் பரவாயில்லை. கூட்டங்கூட்டமாக உதிரும்போது சுவர் அங்கங்கே வெறுமையாகிவிடுகிறது. தூசியையும் கிருமியையும் உள்ளே விடாமல் தடுக்கும் வேலி அதுதான். வேலி போனால் அழற்சி வரும், சளி பெருகும், அடுத்த இறுக்கம் இன்னும் எளிதாக வரும். ஆஸ்துமா நோயாளிகளின் சளியில் உட்படலச் செல்கள் கொத்துக் கொத்தாக வருவதை 1962-லேயே பெர்னார்ட் நேய்லர் என்ற நோயியல் அறிஞர் எழுதியிருக்கிறார். அவை அங்கே எப்படி வந்து சேர்ந்தன என்பதற்கு இப்போது ஒரு விளக்கம் கிடைத்திருக்கிறது.

லண்டன் குழு இன்னொன்றையும் சோதித்தது. இறுகிய குழாயைச் சால்பியூட்டமால் தளர்த்தியது, ஆனால் செல் உதிர்வையும் அதைத் தொடர்ந்த அழற்சியையும் அது தடுக்கவில்லை. சவுத்தாம்ப்டன் முடிவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் துலங்கும். அங்கே மருந்து இறுக்கத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது, சுவர் தப்பியது. இங்கே இறுக்கம் வந்த பிறகு போனது, மூச்சு திரும்பியது, சுவர் தப்பவில்லை. எலிகளில் கடோலினியம் என்ற தனிமத்தைக் கொண்டு உதிர்வுச் சமிக்ஞையை அடைத்தபோது அழற்சியும் சளியும் குறைந்தன. கடோலினியத்தை அப்படியே மனிதருக்கு மருந்தாகக் கொடுக்க முடியாது. அதே வேலையைப் பாதுகாப்பாகச் செய்யும் மூலக்கூறைத் தேட வேண்டியிருக்கிறது.

அழுத்தம் எல்லாமே தீமை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. குழாய் நன்றாக இருக்க ஒரு வகை இழுவை தேவை. மூச்சை உள்ளே இழுக்கும்போது நுரையீரல் விரிந்து, தன்னோடு ஒட்டியுள்ள குழாய்களையும் நாலாபக்கமும் இழுத்துத் திறக்கிறது. அந்த இழுவை தசையையும் நீட்டித் தளர்த்துகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1995-ல் நல்ல உடல்நலம் உள்ளவர்களிடம் ஆழ்ந்து மூச்சிழுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு மெத்தகோலின் கொடுத்துப் பார்த்தார்கள். ஆஸ்துமா நோயாளிகளைப் போலவே அவர்களின் குழாய்களும் இறுகின. ஆழ்ந்த மூச்சு நலமானவர்களைப் பாதுகாக்கிறது. ஆஸ்துமாவில் அந்தப் பாதுகாப்பு மங்கிவிடுகிறது.

விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு இழுப்பு வந்து எழுந்து உட்காருவோருக்கு இதில் ஒரு காரணம் இருக்கிறது. படுத்து உறங்கும்போது நுரையீரலில் தங்கும் காற்றின் அளவு குறைகிறது, குழாய்களை வெளியே இழுக்கும் விசையும் குறைகிறது. உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசால் நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு இறங்குவதும் சேர்ந்துகொள்கிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு வயிறும் மார்புச் சுவரும் அழுத்துவதால் பகலிலேயே இந்தக் குறைவு இருக்கும். எடை குறைந்தால் ஆஸ்துமா இலேசாவது வெறும் தற்செயல் இல்லை. பிராணாயாமம் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். யோகப் பயிற்சி ஆஸ்துமா நோயாளிகளின் அன்றாட வாழ்வைச் சிறிதளவு மேம்படுத்தக்கூடும் என்று 2016-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. மருந்தை நிறுத்திவிட்டு மூச்சுப் பயிற்சியை மட்டும் நம்புவதற்கு அதில் ஆதாரம் இல்லை.

சி.ஓ.பி.டி. என்று மருத்துவர்கள் சொல்லும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் விசையின் கதை தலைகீழ். பீடி, சிகரெட் புகையும், ஆண்டுக்கணக்கில் விறகடுப்பின் முன் குனிந்து ஊதிய புகையும் நுண்ணறைகளின் சுவரை அரிக்கின்றன. ஒரு சுவர் அறுந்தால் அது தாங்கிய இழுவிசை பக்கத்துச் சுவருக்குப் போகிறது. அதுவும் ஏற்கெனவே நலிந்ததுதான். புகையை விட்ட பிறகும் சிலருக்கு நோய் முன்னேறுவதற்கு இந்தச் சுமை மாற்றமும் ஒரு காரணம் என்று பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் பேலா சுகி வாதிடுகிறார். சுவர்கள் அழிய அழிய, சிறுகுழாய்களைத் திறந்து பிடிக்கும் இழுவை போய்விடுகிறது. மூச்சை வெளியே விடும்போது அவை மடங்கி மூடிக்கொள்கின்றன. உள்ளே போன காற்று வெளியேற வழியின்றித் தேங்கி, நெஞ்சு வீங்கிப்போகிறது. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி வெளியே விடும்படி இயன்முறை மருத்துவர்கள் கற்றுக்கொடுப்பது இதனால்தான். குவித்த உதடு உள்ளே கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைத்து, குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது.

வீங்கிய பகுதியை வெட்டி எடுத்தால் மிச்சமுள்ள நுரையீரல் நன்றாக விரியும் என்ற யோசனையை அமெரிக்காவில் 1218 பேரிடம் சோதித்தார்கள். 2003-ல் வந்த முடிவின்படி, நோய் மேற்பகுதியில் குவிந்து, உடற்பயிற்சித் திறனும் குறைவாக இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். எல்லோருக்கும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. வெட்டாமல் குழாய்க்குள்ளேயே ஒருவழி வால்வை வைத்து அந்தப் பகுதியைச் சுருங்கச் செய்யும் முறைக்கு அமெரிக்கா 2018-ல் அனுமதி கொடுத்தது.

மறுபடி ஆஸ்துமாவுக்கு வருவோம், ஏனென்றால் தடுக்க முடிந்த சேதம் அதிகம் நடப்பது அங்கேதான். 2016 கணக்கின்படி இந்தியாவில் ஆஸ்துமா உள்ளவர்கள் சுமார் 3.8 கோடிப் பேர். இறுக்கத்துக்கு முன்பே மருந்து போக வேண்டும் என்றதும், தினமும் சால்பியூட்டமாலையே அடித்துக்கொண்டிருக்கலாமே என்று தோன்றலாம். அது ஆபத்தான வழி. ஸ்டீராய்டு இல்லாமல் அதை அடிக்கடி எடுத்தால் அதன் வேகம் குறைகிறது, அடியில் அழற்சி கவனிப்பாரின்றி வளர்கிறது. 2014-ல் பிரிட்டன் தன் ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, இறக்கும் சமயத்தில் இந்த ரக பம்ப் வைத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு முந்தைய ஓராண்டில் 12-க்கும் மேற்பட்ட பம்ப்புகள் எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. சால்பியூட்டமால் மட்டும் போதும் என்ற சிகிச்சையை உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜீனா 2019-ல் கைவிட்டது.

அதற்குப் பதிலாக இன்று முன்னால் நிற்பது பியூடசொனைடும் ஃபார்மோட்டிராலும் ஒரே இன்ஹேலரில் சேர்ந்த மருந்து. ஃபார்மோட்டிரால் சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தும், அந்தத் தளர்வு ஏறக்குறைய 12 மணி நேரம் நிற்கும். கூடவே போகும் ஸ்டீராய்டு அழற்சியைப் பார்த்துக்கொள்ளும். லேசான ஆஸ்துமா உள்ளவர்களிடம் நடத்தி 2018-ல் வெளியான சிக்மா 1 ஆய்வில், தேவைப்படும்போது மட்டும் இதை எடுத்தவர்களுக்குக் கடுமையான தாக்குதல்கள், வெறும் தளர்த்தி மருந்து எடுத்தவர்களைவிட 64 சதவீதம் குறைவாக வந்தன. இது அழற்சியை அடக்கியதால் மட்டும் வந்த பலனா, இறுக்கங்கள் குறைந்ததாலும் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். நோயாளிக்கு இரண்டும் நன்மைதான்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும், அது கடைசிக் கட்ட மருந்து என்ற பயத்தில் மாத்திரையையோ சிரப்பையோ கேட்டு வாங்குவோர் இன்னும் நிறைய. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கலாம். பம்ப்பின் ஒரு அடியில் 100 மைக்ரோகிராம். நாற்பது அடிக்குச் சமமான மருந்து வயிற்று வழியாக உடம்பெல்லாம் சுற்றிக் கையை நடுங்க வைக்கிறது, நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. நுரையீரலுக்குப் போவது கொஞ்சம்தான், அதுவும் தாமதமாக.

பம்ப்பைச் சரியாக அடிப்பதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். நன்றாகக் குலுக்கி, முதலில் மூச்சை முழுவதும் வெளியே விட்டு, வாய்முனையை உதட்டால் இறுகப் பிடித்து, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அமுக்கி, இழுத்த மூச்சைப் பத்து விநாடி நிறுத்த வேண்டும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஸ்பேசர் மாட்டிக் கொடுத்தால் மருந்து தொண்டையில் படிவது குறையும். ஸ்டீராய்டு கலந்ததென்றால் முடிந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். ஒரு சால்பியூட்டமால் பம்ப்பில் பொதுவாக 200 அடி இருக்கும். ஆண்டுக்கு மூன்று பம்ப்போ அதற்கு மேலோ தீர்ந்தால் கடும் தாக்குதலுக்கான வாய்ப்பு கூடுகிறது என்கிறது ஜீனா. மருத்துவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும்போது, இப்போது பரவாயில்லை என்பதோடு, போன தடவை வந்ததிலிருந்து எத்தனை பம்ப் காலியானது என்பதையும் சேர்த்துச் சொன்னால், அவர் மருந்தை மாற்றி எழுத அது உதவும்.